நான்கு வரிசைத் தையல்

ஜூலை 4, வியாழன்

தினமும் எழுத வேண்டுமாம். டாக்டர் ரெஜினா சொல்லிவிட்டார். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு நோட்டு வாங்கி, மனதில் பட்டதை எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் நோட்டில் எழுதினால் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கோயம்புத்தூர் டாக்டர்களுக்குக் கேள்வி கேட்டால் பிடிக்காது.

நித்திலாவுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. பள்ளிப் பிரார்த்தனையில் இரண்டு முறை மயங்கி விழுந்து, திருப்பூரில் மூன்று டாக்டர்கள் சத்து டானிக் எழுதிக் கொடுத்து, நான்காவதாக இவரிடம் வந்திருக்கிறோம். நோய்க்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். பிறகு தமிழில், "இவளுக்குப் பசிக்காம இல்லைங்க. பசியை ஜெயிச்சுக் காட்டணும்னு நினைக்கிறா" என்றார். நாடித் துடிப்பு நாற்பத்து நான்கு. இதயம் களைத்துப் போயிருக்கிறதாம். வீட்டிலேயே சாப்பிட வைத்து எடையை ஏற்றப் பார்க்கலாம். ஏறிய எடை மறுபடி இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டியதுதான்.

எடை பார்க்கும்போது அவளைத் திருப்பி நிறுத்திவிடுகிறார்கள். எண்ணை எங்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். இந்த நோட்டு அவள் கையில் கிடைக்கலாம்.

மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைப் பலகாரம். என்ன, எவ்வளவு என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேசக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா, அம்மா இருவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி.

அந்த அப்பா மகுடேஸ்வரன். நான்கு வருடத்துக்கு முன்பு குடும்பநல நீதிமன்றம் என்னிடமிருந்து விடுவித்த ஜீவன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அதாவது, இன்னொருவர் வண்டி ஓட்ட, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதே அவருக்குத் தொழில். குடும்பத்தையும் அப்படித்தான் நடத்தினார்.

"வித்தியாசத்தை எப்ப முதல்ல கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஜூன்லங்க. ஸ்கூல் திறந்தப்ப" என்றேன்.

"எனக்குப் பொங்கலுக்கே சந்தேகமுங்க" என்றார் இவர். "தீபாவளிக்கு எடுத்த சுடிதாரு தொளதொளன்னு கெடந்துச்சு. கேட்டதுக்கு, வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க."

சொன்னாங்க என்றால் நான். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கிறவருக்குப் பொங்கலெல்லாம் நினைவிருக்கிறது. டாக்டர் ஜூன் என்று எழுதிக்கொண்டார்.

மயங்கி விழுகிற பிள்ளையை பஸ்ஸில் கூட்டிப் போக முடியாது என்பதால் அவருடைய காரில்தான் போய் வந்தோம். கூரை மேல் "மகுடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி" என்று மஞ்சள் போர்டு. முன்னும் பின்னும் சிவப்பு எல். அவிநாசி ரோடு முழுக்க லாரிக்காரர்கள் எங்களுக்கு இரக்கப்பட்டு வழிவிட்டார்கள்.

ஜூலை 5, வெள்ளி

முதல் இரவுச் சாப்பாடு. ஏழரைக்கு வரச் சொன்னால் ஏழு இருபதுக்கே வந்து வாசலில் நிற்கிறார். இந்த நேரம் தவறாமையைப் பதினான்கு வருடக் குடித்தனத்தில் ஒரு நாள் காட்டியிருக்கலாம்.

இட்லி, தக்காளிச் சட்னி, பச்சைப்பயறு கடைசல். அந்த மனிதர் சாப்பிடும் அழகை எழுதினால் நோட்டு அழுக்காகும். இட்லியைப் பிசைந்து, கடைசலில் மிதக்கவிட்டு, சத்தத்தோடு உறிஞ்சி, புறங்கைவரை வழியவிட்டு, அதையும் நக்குகிறார். ஐந்து இட்லி. ஆறாவதையும் கேட்டார். சட்டை பட்டன் அந்த வயிற்றின் மேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நித்திலா இரண்டு இட்லி சாப்பிட ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அழுதாள். தட்டை என் பக்கம் தள்ளினாள். எனக்குக் கை பரபரத்தது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"அவசரமில்ல அம்மிணி. மெல்ல. வண்டி எங்கியும் போகாது" என்றார்.

மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க வியர்த்துப்போகும் மாணவர்களிடம் சொல்கிற வசனம் இது. பிள்ளையையும் கற்றுக்குட்டியாக்கிவிட்டார்.

நான் பரிமாறினேன். நான் இரவில் சாப்பிடுவதில்லை. பதினெட்டு வருடமாக ஒரு டம்ளர் மோர்தான். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்றும் எனக்குச் சேரும். இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

ஜூலை 6, சனி

பள்ளிக்கு மருத்துவ விடுப்பு கொடுத்தாயிற்று. யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேல் அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பனியன் கம்பெனியில் இன்று இருநூற்றுப் பத்து பீஸை ரிஜெக்ட் செய்தேன். லைன் சூப்பர்வைசர் அழாத குறை. கால் இஞ்ச்தானே மேடம் என்கிறான். கால் இஞ்ச்தான் என்று விட்டால் பிறகு அரை இஞ்ச்தான் என்பான். செக்கிங் செக்ஷனில் நாற்பது பேர் என் கீழ் இருக்கிறார்கள். தமயந்தி மேடம் டேபிளில் பாஸ் ஆன பீஸை வெள்ளைக்காரன் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான் என்பது திருப்பூரில் பேச்சு. பாஸ் ஆனால் ஒரு பச்சை ஸ்டிக்கர். மற்றபடி நான் யாரையும் பாராட்டுவதில்லை. பாராட்டினால் தையல் கோணும்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்து நித்திலாவோடு உட்காருகிறார். பயிற்சி வகுப்புகளையெல்லாம் காலைக்கு மாற்றிவிட்டாராம். காலையில் அங்கே என்ன கூட்டம் அலைமோதுகிறதோ.

ஜூலை 10, புதன்

இது எழுதக் கூசுகிறது. தையல் மிஷினுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. டிராயரைத் திறந்தால் பாபின்களுக்கு நடுவில் கர்ச்சீப்பில் சுற்றி இட்லி. இரண்டு நாள் இட்லி. மூவாயிரம் பீஸில் ஒரு கண்ணி நழுவியதைக் கண்டுபிடிக்கிறவள் நான். என் மிஷின் டிராயரிலேயே ஒளித்திருக்கிறாள். வீட்டில் நான் சோதித்துப் பார்க்காத ஒரே இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முக்கியமில்லை.

அவர் வந்து பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, தட்டில் புதிதாக ஒரு இட்லி வைத்தார். "அது கணக்குல வராது அம்மிணி. இது ஒண்ணு." அவ்வளவுதான். கோபமே வராத ஜென்மம். விளக்கெண்ணெய்.

அவள் அதைச் சாப்பிட்டாள்.

ஜூலை 11, வியாழன்

கோயம்புத்தூர். எடை ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

திரும்பி வரும்போது நடந்ததை எழுதத்தான் வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் தடுமாறினால் வாத்தியார் அழுத்துவதற்காக. அந்த சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். கருமத்தம்பட்டி தாண்டி ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் இவர் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தார். எனக்கு இடைவெளி போதவில்லை என்று பட்டது. கால் தானாக அழுத்திவிட்டது. கார் அலறி நின்றது. பின்னால் வந்த பால் வேன்காரன் எங்கள் மூன்று தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

"நீங்க எதுக்குங்க பிரேக்க மிதிச்சீங்க?" என்று கேட்டார். விவாகரத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த லாபம் இந்த நீங்கதான். முன்பெல்லாம் நீ, வா, போ.

"லாரி பக்கத்துல போனீங்க."

"நாப்பது அடி இருந்துச்சுங்க."

"எனக்குப் பத்தலைங்க."

பின் சீட்டில் சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தோம். நித்திலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியவில்லை. "அம்மா, நீ பின்னாடி வந்துரு. அப்பா ஓட்டட்டும்" என்றாள். பின்னால் போய் உட்கார்ந்தேன். டேங்கருக்கும் எங்களுக்கும் நாற்பது அடி இல்லை, முப்பதுதான்.

ஜூலை 17, புதன்

எதிர் வீட்டு சுலோச்சனா வந்து, "உங்க நித்திலா சினிமாக்காரியாட்ட ஆயிட்டாளே, என்னங்க சாப்பிடறா? எம் பொண்ணுக்கும் சொல்லுங்க" என்றாள். கதவைச் சாத்தினேன். நல்ல வேளை, அவள் விரல் உள்ளே இல்லை.

ஜூலை 25, வியாழன்

எடை ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். நாடித் துடிப்பு ஐம்பத்தொன்று. டாக்டர் சிரித்தார். சிரித்தது அவரைப் பார்த்து. "நீங்க பக்கத்துல உட்கார்றது நல்லா வேலை செய்யுது" என்றார். பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு சர்டிஃபிகேட்! இந்த மனிதர் பூரித்துப்போய், "அது என்னுங்க டாக்டர், ஸ்டியரிங்கப் புடுங்கினா யாருக்கும் ஓட்ட வராதுங்க" என்று தத்துவம் வேறு பேசினார்.

பிறகு டாக்டர் என்னிடம், "ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"மோர்."

"முந்தாநாள்?"

"மோர்தாங்க. எனக்கு அது பழக்கம்."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். நோயாளி நானில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. காலையிலேயே ஒரு தூக்குப் போசியோடு வந்து நிற்கிறார். அரிசிம்பருப்புச் சாதம், அவரே செய்ததாம். மேலே நெய் ஒரு விரல் கனத்துக்கு நிற்கிறது. வெங்காயம் கருகியிருக்கிறது, பூண்டு முழுசு முழுசாகக் கிடக்கிறது. நான் செய்ததாக இருந்தால் வெளியில் காட்டியிருக்க மாட்டேன்.

நித்திலா சின்ன வயதில் இந்தச் சாதம் என்றால் சட்டியோடு உட்காருவாள். இன்று தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். ஒரு கவளம், இரண்டு கவளம். அவரைப் போலவே பிசைந்தாள். விரலில் நெய் வழிந்தது. அவள் அதை நக்கப் போய், சட்டென்று நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"அப்பா மாதிரி சாப்பிடறனாம்மா?"

சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. அவள் விரலைத் தட்டில் துடைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"என்னுங்க அது, எதுக்கு அப்படிக் கேக்கறா?" என்றார் அவர்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவள் சோற்றில் கையை வைத்து அளைந்தால், "பாரு, அப்படியே உங்கப்பன் திங்கற மாதிரி" என்று சொல்லியிருப்பேன். மூன்றாவது தோசை கேட்டால், "உங்கப்பன் உடம்பு வந்துரும், அப்புறம் தைச்சு மாளாது" என்று சொல்லியிருப்பேன். அவரைத்தான் சொன்னேன். பிள்ளையைச் சொல்லவில்லை. அவர்தான் வீட்டில் இல்லையே, வேறு யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் 8, வியாழன்

ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை, கோயம்புத்தூர் போகவில்லை. அவர் நித்திலாவைக் காரில் உட்கார வைத்து, காலி மைதானத்தில் கியர் மாற்றிக் காட்டினாராம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு. சட்டம் தெரிந்த மனிதர். வந்ததும் அவள் இரண்டு தோசையைக் கேள்வி இல்லாமல் சாப்பிட்டாள், அதனால் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாடி அறுபத்து மூன்று. வரும் திங்கள்கிழமை முதல் அரை நாள் பள்ளிக்குப் போகலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். நித்திலா வழியெல்லாம் தன் கிளாஸ் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கார் போர்டைப் பற்றிக்கூட எனக்கு இன்று கவலை தோன்றவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எல்லாம் போயிற்று.

காலையில் யூனிஃபார்மை எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன். அறைக்குள் போனவள் வெளியில் வரவில்லை. கால் மணி கழித்து உள்ளே போனால், டாப் தோளில் மாட்டி, விலாப் பக்கம் இறங்காமல், கை இரண்டும் மேலே தூக்கியபடி நிற்கிறாள். முகம் துணிக்குள். உள்ளிருந்து அழுகை.

"குண்டாயிட்டேன். உங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் சாப்பிட்டேன். பாரு, குண்டாயிட்டேன்."

கழற்றி எறிந்தாள். காலைப் பலகாரம் தொடவில்லை. மதியமும் இல்லை.

அவர் வந்து, "இதுக்குப் போயா? புதுசு ஒண்ணு எடுத்துட்டாப் போச்சு" என்று தரையில் கிடந்த டாப்பை எடுத்தார். உதறினார். அது உள்பக்கம் வெளியே வந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னுங்க இது, பக்கத்துல இத்தன தையல் ஓடுது?"

நான் வாங்கி மடிக்கப் பார்த்தேன். விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலை வைத்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஒன்றுக்குள் ஒன்றாக, நூல் பிடித்ததுபோல் நேராக. என் தையல் கோணாது.

ஜனவரி, மார்ச், ஏப்ரல், ஜூன். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். தொளதொளவென்று போனால் பள்ளியில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், அப்பா இல்லாத வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடுவதில்லை என்பார்கள். அதனால் தைத்தேன். எவ்வளவு பிடித்தேன் என்று இஞ்சில் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பத்து வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அதற்கும் துப்பில்லை.

நித்திலாதான் சொன்னாள். கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி.

"தைச்சு முடிச்சுப் போட்டு விட்டு, என்னத் திருப்பி நிக்க வெச்சு, இடுப்புல ரெண்டு பக்கமும் தடவிப் பாப்பா. அப்புறம் முதுகுல தட்டுவா. 'இப்பத்தான் அளவா இருக்கு'ன்னு சொல்லுவா. அம்மாகிட்ட நான் பாஸானது அது ஒண்ணுலதான்."

அவள் அவரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

பள்ளி இல்லை. பால் அரை டம்ளர். வேறொன்றும் இறங்கவில்லை. கம்பெனிக்கு லீவ் சொன்னேன். வியாழக்கிழமை அரை நாள்களைத் தள்ளினால் பதினோரு வருடத்தில் முதல் லீவ் என்று எச்ஆர் பையன் ஆச்சரியப்பட்டான். அவனுக்கு ஆச்சரியப்பட வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அவர் காலை முதல் சாயங்காலம்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு இட்லி, ஒன்றேகால் மணி நேரம். மற்றதெல்லாம் தட்டிலேயே.

ஆகஸ்ட் 29, வியாழன்

எடை இறங்கிவிட்டது. நாடி ஐம்பத்து நான்கு. இன்றே சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். நித்திலாவை வெளியே உட்கார வைத்திருந்தோம்.

"நான் கவனிச்சது ஜூன்ல இல்லைங்க" என்றேன். "ஜனவரி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சொன்னேன். நான்கு தையலையும் சொன்னேன். முதுகில் தட்டியதைச் சொன்னேன். உங்கப்பன் மாதிரி என்று சொன்னதை அவர் எதிரிலேயே சொன்னேன். சொல்லும்போது அவர் தன் வயிற்றை மறைக்கிற மாதிரி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிள்ளை இளைப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. முதல் இரண்டு தையலின்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை என் அளவுக்கு வருகிறாள், அவர் அளவுக்குப் போகவில்லை என்று. இதை எழுதிய கையை என்ன செய்வது?

டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "திங்கள்வரைக்கும் டைம் தர்றேன். தினமும் திருப்பூர்லயே ரத்த அழுத்தம், நாடி பார்த்து எனக்குச் சொல்லணும். கொஞ்சம் குறைஞ்சாலும் உடனே கூட்டிட்டு வந்துருங்க" என்றார். பிறகு என்னிடம், "இனி ராத்திரி அவளுக்கு என்ன போடுறீங்களோ, அதையே, அவ்வளவே நீங்களும் சாப்பிடணும். மோர் கூடாது."

இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஏழரை மணி. மூன்று தட்டு. மூன்றிலும் மும்மூன்று இட்லி. அவர்கூட மூன்றுதான் போட்டுக்கொண்டார், அவருக்கு அது பட்டினி.

நித்திலா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா சாப்பிட்டா நான் சாப்பிடறேன்" என்றாள்.

இதென்ன பெரிய வித்தை என்று ஆரம்பித்தேன். முதல் இட்லி போயிற்று. இரண்டாவதன் பாதியில் வயிறு கல்லாகிவிட்டது. தண்ணீர் குடித்தேன். இரண்டாவது எப்படியோ முடிந்தது. மூன்றாவதைத் தொட்டதும் கழுத்தில் வியர்த்தது. ரவிக்கை இடுப்பில் இறுகுகிற மாதிரி இருந்தது. வெறும் இட்லி. அரிசியும் உளுந்தும். நாற்பது பேரை நடுங்க வைக்கிறவள் ஒரு இட்லியைப் பார்த்து நடுங்கினேன். பிள்ளை இரண்டு மாதமாக வேளைக்கு வேளை இதையா செய்துகொண்டிருந்தாள்? நான் கத்தினேனே, அப்போதும் இதைத்தானா செய்துகொண்டிருந்தாள்?

நித்திலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பீஸை விரித்துப் போட்டு நான் பார்க்கிற பார்வை.

"அம்மா" என்றாள். "ஓரத்துல தள்ளாத. அப்பா கண்டுபிடிச்சுருவாரு."

குனிந்து பார்த்தேன். மூன்றாவது இட்லியை உதிர்த்து, தட்டின் ஓரத்தில், சட்னிக்குக் கீழே பாதியை ஒதுக்கி வைத்திருந்தேன். என் விரல்கள்தான் செய்திருக்கின்றன. எனக்கே தெரியாது.

எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, அவர் எதிரில். கோர்ட்டில்கூட வராதது. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"அவசரமில்ல தமயந்தி" என்றார். "மெல்ல. வண்டி எங்கியும் போகாது."

நீங்க இல்லை. தமயந்தி.

ஓரத்தில் தள்ளியதை ஒன்றாகச் சேர்த்து எடுத்து வாயில் போட்டேன். மென்றேன். நித்திலா முதல் இட்லியைப் பிட்டாள். அவர் மட்டும் வழக்கம்போல் சத்தம் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். முடிக்க எங்கள் இருவருக்கும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதலில் முடித்தது நித்திலாதான்.

செப்டம்பர் 2, திங்கள்

சேர்க்க வேண்டாம் என்றார் டாக்டர். அறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார். இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருக்கலாம், விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாளை பள்ளி. அரை நாள்.

புது யூனிஃபார்ம் எடுத்து வைத்திருந்தோம். நித்திலா வேண்டாம் என்றாள். "பழசையே பிரிச்சுக் குடு" என்றாள். சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து உடைத்த பிளேடால் தையலைப் பிரித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, அவர் வாங்கி வந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே பார்த்தாள். ஜூன். ஏப்ரல். மார்ச். ஜனவரியைப் பிரிக்கும்போது கொஞ்சம் நேரம் பிடித்தது. அது இறுக்கமான தையல், ஆசையாகத் தைத்தது.

போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பழக்கத்தில் என் கை அவள் இடுப்புக்குப் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டேன். முதுகிலும் தட்டவில்லை. அளவைப் பற்றி வாய் திறக்கவில்லை. "கையெல்லாம் கடலைத் தோல், துடைச்சுக்கோ" என்றேன். யூனிஃபார்மிலேயே துடைத்தாள்.

இரண்டு பக்கமும் நான்கு வரிசைக்கு ஊசித் துளை தெரிகிறது. "துவைச்சாப் போயிருமாம்மா?" என்று கேட்டாள். போகாது என்று சொன்னேன். இந்தத் துணியில் போகாது. என் டேபிளுக்கு இந்த பீஸ் வந்தால் திரும்பிப் பார்க்காமல் ரிஜெக்ட் செய்வேன்.

"பரவால்ல" என்றாள். நாளைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள்.

மணி ஏழு இருபது. வாசலில் வந்து நிற்கிறார். இட்லி ஊற்ற வேண்டும், எனக்கும் சேர்த்து.